மின்னணு இசைக்கு ஓர் அவசரக் கருமாதி

தமிழில் மின்னணு இசை தன் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிட்டது என்பது நம் சிற்றிதழ் வட்டாரத்தில் இப்போது ஒரு கருத்தாக முன்வைக்கப்படுவதில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தியாகவே புழங்குகிறது. திரையிசை பற்றி யார் எழுதினாலும் இரண்டாவது, மூன்றாவது பத்தியில் இது வந்துவிடும்: 1986இல் தொடங்கி 2000 வாக்கில் முடிந்த ஒரு பொற்காலம், அதன் பிறகு நகல், பிறகு நகலின் நகல், இன்றைக்குக் கணினி தானே போட்டுக்கொள்ளும் தாளம். இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 'ரோஜா' வந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள். பதின்வயதில் கேட்டதுதான் எவருக்கும் உச்சமாகத் தெரியும் என்று சொல்லி இந்த விவகாரத்தை இங்கேயே முடித்துவிடலாம். அது மலிவான வாதம். நானும் அதே வயதுக்காரன்தான்.

அவர்களுடைய வாதத்தின் வலுவான வடிவத்தை அவர்கள் இன்னும் சொல்லவில்லை என்பதே என் முதல் குறை. அதை நானே சொல்லிவிடுகிறேன். சைமன் ரெனால்ட்ஸ் 2011இல் வெளியிட்ட 'ரெட்ரோமேனியா' நூலும், மார்க் ஃபிஷர் 2014இல் வெளியிட்ட 'கோஸ்ட்ஸ் ஆஃப் மை லைஃப்' நூலும் ஏறத்தாழ ஒரே புண்ணைத் தொடுகின்றன. ஃபிஷரின் சோதனை எளிமையானது. இன்று வெளியான ஒரு இசைத்தட்டைக் காலத்தில் பின்னோக்கி எடுத்துச்சென்று 1995இன் கேட்பவனிடம் போட்டுக்காட்டுங்கள். அவன் அதிர்வானா? மாட்டான் என்கிறார் ஃபிஷர். ஆனால் 1990களின் இசையை 1970களுக்குக் கொண்டுபோனால் கேட்பவன் திகைத்துப்போவான். ஆகவே எதிர்காலம் நின்றுவிட்டது. இதைத் தமிழுக்குப் பெயர்த்தால் எப்படியிருக்கும் என்று பாருங்கள். 1994இன் 'காதலன்' பாடல்களை 1974இன் தமிழ்க் காதுக்குக் கேட்கக் கொடுத்தால் அது இசைதானா என்றே அந்தக் காது கேட்டிருக்கும். இன்றைய பாடலை 1994க்குக் கொண்டுபோனால் 'நன்றாக இருக்கிறதே, யார் இசை?' என்பதோடு முடிந்துவிடும்.

கேட்க வலுவாக இருக்கிறது அல்லவா? எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு தெளிவு. மின்சாரத்தால் ஒலியைப் பெருக்குவது வேறு. மின்சாரத்தாலேயே ஒலியை உண்டாக்குவதும், பதிந்த ஒலியை வெட்டி அடுக்கி இசையாக்குவதும் வேறு. நான் பேசுவது பின்னதைப் பற்றி. (1948இல் பியர் ஷேஃபர் ரயில் ஓசைகளைத் தொகுத்துப் பிரெஞ்சு வானொலியில் இசையென்று ஒலிபரப்பினார். அப்போது காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. அரசலாற்றங்கரையில் அதை யார் கேட்டார்கள்!) நாகசுரத்துக்கு முன்னால் மைக் வைத்ததை எல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பொற்காலக்காரர்களின் பட்டியலை நான் மறுக்கவில்லை. 1986 தீபாவளிக்கு வந்த 'புன்னகை மன்னன்' கணினியின் துணையோடு இசையமைக்கப்பட்ட தமிழ்ப் படம் என்று கொண்டாடப்பட்டது நியாயமானதே. இளையராஜாவின் குழுவில் அப்போது பத்தொன்பது வயதுக் கீபோர்டுக் கலைஞராக இருந்த ரகுமானுக்கு அதில் பங்கு உண்டு. அதே ஆண்டின் 'விக்ரம்' சுஜாதா எழுதிய கதை. கணினி என்ற சொல்லையே வார இதழ் வாசகனுக்குப் பழக்கிய எழுத்தாளரின் படத்துக்கு எந்திரக் குரலும் எந்திரத் தாளமும் வந்தது பொருத்தம்தான். பிறகு 1992இல் 'ரோஜா'. 1993இல் 'திருடா திருடா'. இந்தப் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மின்னணு ஒலிகளின் திருவிழாவாக 'சந்திரலேகா' ஒலிக்கும் அதே இசைத்தட்டில், கருவிகளை ஏறக்குறைய முழுவதுமாக விலக்கிவிட்டு மனிதக் குரல்களை மட்டுமே அடுக்கிக் கட்டிய 'ராசாத்தி'யும் இருக்கிறது. பாடியவர் சாகுல் ஹமீது. எந்திரத்தை முழுமையாகக் கற்றவனுக்குத்தான் அதை எங்கே அணைத்துவைக்க வேண்டும் என்று தெரியும். இந்த ஒரு தட்டுக்காகவே அந்தக் காலத்தைப் பொற்காலம் என்பவர்களோடு நான் சண்டையிட மாட்டேன். சாகுல் ஹமீதின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ஆனால் 1994இன் அந்த அதிர்ச்சி எதனால் ஆனது? ஒரு பகுதி மேதைமையால், சந்தேகமில்லை. இன்னொரு பகுதி தூரத்தால் ஆனது. சிந்தசைசரும் டிரம் மெஷினும் உலகின் வேறு நகரங்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பழகிய பிறகே நம் காதுக்கு வந்தன. 1991க்கு முன் இறக்குமதி வரியும் உரிமக் கெடுபிடிகளும் இருந்த நாட்டில் ஒரு நல்ல கீபோர்டை வைத்திருப்பது சிறு தொழிற்சாலை வைத்திருப்பதற்குச் சமம். பிறகு மடை திறந்தது. பதினைந்து ஆண்டு நீர் இரண்டு மூன்று ஆண்டுகளில் பாய்ந்தது. மடை திறந்த நாளின் வேகத்தைப் பார்த்தவன் அதன் பிறகு ஆறு ஓடுவதைப் பார்த்து 'வற்றிவிட்டது' என்றால் எப்படி? இன்றைக்கு அந்தத் தூரம் இல்லை. சென்னையில் ஒருவன் உபயோகிக்கும் மென்பொருளும் பெர்லினில் ஒருவன் உபயோகிப்பதும் ஒன்றே, ஒரே நாளில் இருவருக்கும் கிடைக்கிறது. தூரத்தால் உண்டான அதிர்ச்சி இனி வராது. அதை வைத்து ஒரு கலையின் ஆயுளை அளப்பது பிழையான அளவை.

இந்தப் பட்டியலின் இன்னொரு குறை, அது கோடம்பாக்கத்தைத் தாண்டுவதே இல்லை. லண்டனில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண் மாதங்கி அருள்பிரகாசம் ரோலண்ட் நிறுவனத்தின் எம்.சி. 505 என்ற ஒற்றைப் பெட்டியில் தாளங்களைக் கட்டத் தொடங்கி, தன் தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாக்கி 2005இல் 'அருளர்' தொகுப்பை வெளியிட்டார். 2007இன் 'கலா'வுக்காகச் சென்னைக்கு வந்து உறுமியைப் பதிவுசெய்துகொண்டு போனார். தாயின் பெயர் அது. உலகம் முழுதும் கேட்டது. நம் பொற்காலப் பட்டியலில் அவர் பெயரை நான் இதுவரை பார்த்ததில்லை. அது சினிமா அல்ல. ஆகவே அது தமிழிசையும் அல்ல, போலும்.

சரி, தமிழை விடுங்கள். இந்திய மின்னணு இசையின் தொடக்கம் எது என்பதே நமக்கு நேற்றுவரை தெரியாது. இந்தித் திரையுலகில் கூலிக்கு வாசித்த சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் டி.பி. 303, டி.ஆர். 808 ஆகிய பெட்டிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். அதைச் சீண்டுவாரில்லை. 1987இல் சிகாகோவில் அதே 303ஐத் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்ற வகையைத் தொடங்கியவர்களுக்கும் இது தெரியாது. 2010இல் ஒரு டச்சுக்காரர் மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்கும் முன்னால், 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவ, கீதா சாராபாய் முதலியோர் சில ஆண்டுகள் அதில் இசையமைத்திருக்கிறார்கள். அந்த நாடாக்கள் பெட்டிக்குள் கிடந்து 2023இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. தொடக்கத்தையே ஐம்பது ஆண்டு கழித்துக் கண்டெடுக்கிற ஒரு வகைக்கு, முடிவை மட்டும் இவ்வளவு உறுதியாகத் தேதி குறிப்பது எப்படி என்று நண்பர்கள் விளக்க வேண்டும்.

எதிர்த்தரப்பையும் விட்டுவைப்பதற்கில்லை. புதிய மென்பொருள் வந்தால் இசை வளர்ந்துவிட்டது என்று கைதட்டுகிறவர்கள் அவர்கள். புதுப் பேனா வாங்கினால் கவிதை வளராது. போன வருடத்துப் பாடலில் இருந்த அதே நான்கு தட்டுத் தாளம் இந்த வருடம் கூடுதல் அடித்தொனியோடு நெஞ்சில் இடிக்கிறது என்பதைத் தவிர அவர்கள் காட்டும் 'பரிணாம'த்தில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அப்படியானால் வளர்ச்சியை எங்கே தேடுவது? இந்தக் கேள்விக்கு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகும் வழியில் தருமபுரம். கோயிலில் இறைவன் பெயர் யாழ்மூரிநாதர். பெரியபுராணம் படித்தவர்களுக்குக் கதை தெரியும். ஞானசம்பந்தரின் பதிகங்களை யாழில் இசைத்துவந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாய்வழி ஊர் இது. உறவினர்கள், பாணர் வாசிப்பதால்தான் பதிகத்துக்குப் புகழ் என்கிறார்கள். பாணர் நடுங்கி, யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடமே வேண்டுகிறார். சம்பந்தர் பாடுகிறார். யாழ் தோற்கிறது. பாணர் யாழை முறிக்க ஓங்குகிறார். சம்பந்தர் தடுத்து, கருவியில் வந்த அளவுக்கு வாசியும் என்று அதைத் திரும்பக் கையில் கொடுக்கிறார்.

பக்தி நூலாக மட்டும் படித்தால் இதில் குரலின் வெற்றி தெரியும். இசை மாணவனாகப் படித்தால் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் தெரியும். வில்யாழின் வழிவந்த கருவியில் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு சுரம். நரம்புக்கும் நரம்புக்கும் இடையில் குரல் வழுக்கிச் செல்லும் பாதை அதில் இல்லை. கமகம் என்று இன்று சொல்கிறோமே, அது அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. யாழ் போய் வீணையும் நாகசுரமும் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறவர்கள் உண்டு. ஆர்மோனியத்தின் மேல் அகில இந்திய வானொலி 1940இல் விதித்து 1971 வரை நீட்டித்த தடையின் பின்னணியிலும் இதே குற்றச்சாட்டு இருந்தது: கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

மின்னணு இசை இதே குறையோடுதான் பிறந்தது. கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள 1983இல் வகுக்கப்பட்ட பொது மொழிக்கு மிடி என்று பெயர். (தமிழில் மிடி என்றால் வறுமை. எங்கள் இசையைப் பொறுத்தவரை பெயர் நன்றாகவே அமைந்துவிட்டது.) அதில் சுரம் என்பது ஓர் எண். அறுபது என்றால் ஒரு கட்டை, அறுபத்தொன்று என்றால் அடுத்த கட்டை. சுருதியை வளைக்க ஒரு வழி உண்டுதான். ஆனால் ஒரு வாய்க்காலில் ஓடும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளையும். ஒன்றை அசைத்து மற்றொன்றை நிறுத்தி வைக்க முடியாது. கே. சத்யநாராயணன் போன்றவர்கள் இந்த வறுமைக்குள்ளேயே இடக்கையால் சுருதியை வளைத்து கீபோர்டில் கர்நாடக இசை வாசித்துக் காட்டியது தனிமனிதத் திறமை. பொற்காலம் என்று நாம் கொண்டாடும் இசையில் கமகம் வேண்டிய இடங்களில் எல்லாம் குரலோ குழலோ வயலினோ வந்து நிற்பதைக் கவனியுங்கள். எந்திரம் தாளத்தையும் பரப்பையும் பார்த்துக்கொண்டது. வளைவை மனிதர்கள் பார்த்துக்கொண்டார்கள். கட்டைகளே இல்லாத ஹேக்கன் கன்டினூம் என்ற பலகையில் விரலை இழுத்து 2009இன் 'டெல்லி 6' படத்தில் ரகுமான் வாசித்தது அந்தச் சுவரில் விழுந்த ஒரு விரிசல். ஒவ்வொரு விரலுக்கும் தனி வாய்க்கால், தனி வளைவு என்ற ஏற்பாடு மிடியின் பொது விதியாக ஏற்கப்பட்டது 2018இல். அதாவது, எந்திரத்தில் தமிழ்ப் பண்ணை வாசிப்பதற்கான அடிப்படை ஏற்பாடு எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்துப் பத்தாண்டுகள்கூட ஆகவில்லை. பாணர் கையில் யாழைத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர் இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை. அதற்குள் கச்சேரி முடிந்தது என்று எழுந்து போகிறவர்களை என்ன சொல்வது?

தாளத்துக்கு வருவோம். டெல்டாவில் எந்தத் திருவிழா இன்னிசைக் கச்சேரிக்குப் போனாலும் மேடையில் ஒரு 'பேட்' இருக்கும். ரோலண்ட் 1985இல் கொண்டுவந்த ஆக்டோபேட்டின் வம்சம். பறை, தவில், உறுமி, தபேலா எல்லாம் அந்த எட்டுக் கட்டங்களுக்குள். என்னிடம் படித்த ஒரு மாணவன் தவில்காரர் வீட்டுப் பிள்ளை. கச்சேரிகளில் பேட் வாசிக்கிறான். ஒருநாள் அவனிடம் தவிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "சார், பேட்ல தொப்பி கேக்கும், வலந்தலை கேக்கும். ஆனா கை கேக்காது" என்றான். இதைவிடத் துல்லியமாக ஒரு இசை விமர்சகர் எழுதி நான் படித்ததில்லை. கூடு மாட்டிய விரல் வலந்தலையில் எந்த இடத்தில், எந்த அழுத்தத்தில் விழுகிறது, இடக்கைக் கழி தொப்பியை அடித்துவிட்டு எவ்வளவு நேரம் தோலில் நிற்கிறது என்பதில்தான் தவிலின் சொல் இருக்கிறது. பேட்டில் ஓங்கி அடித்தால் ஓங்கி ஒலிக்கும், மெல்ல அடித்தால் மெல்ல ஒலிக்கும்; ஒலியின் குணம் பெரும்பாலும் மாறாது. அவன் என்ன செய்தான் என்றால், தன் மாமாவை உட்காரவைத்து ஒரே சொல்லை நாற்பது விதமாக வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்தான். ஒவ்வொரு அடிக்கும் எதை ஒலிப்பது என்பதைக் கணினியில் அடுக்கிக்கொண்டிருக்கிறான். பாதி வந்திருக்கிறது. மிச்சம் வரவில்லை. வராமலும் போகலாம்.

எனக்கு இந்த விவாதத்தில் பட்டதெல்லாம் இங்கேதான். 'முடிந்துவிட்டது' என்ற தீர்ப்பு யாரைப் பாதிக்கிறது? ரகுமானையோ இளையராஜாவையோ அல்ல. அவர்கள் பட்டியலில் பத்திரமாக இருக்கிறார்கள். இதுவரை எந்திரத்துக்கு மூலப்பொருளாக மட்டுமே இருந்துவிட்டு, இப்போதுதான் எந்திரத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்காருகிறவர்களை அது வாசலிலேயே நிறுத்துகிறது.

எந்திரத்தைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. எத்தனையோ கோயில்களில் தீபாராதனை நேரத்துக்கு மோட்டார் மேளத்தையும் மணியையும் அடிக்கிறது. அந்த இடத்தில் ஒரு காலத்தில் இருவர் நின்று வாசித்தார்கள். 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பாட்டியின் கதையையும் ஒப்பாரியையும் கொண்டுவந்தவர் அறிவு. பாடியவர்கள் தீயும் அறிவும். தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். மின்னணுத் தாளத்தின் மேல் ஒப்பாரி ஏறி உலகம் சுற்றியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் பலருக்கு அது உறைத்தது. இந்த இசையில் இன்னும் தீராத வழக்கு ஒலியைப் பற்றியது மட்டுமல்ல. யாருடைய ஒலி என்பதைப் பற்றியது.

இனி ஃபிஷரின் சோதனைக்குத் திரும்புகிறேன். 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' வெளியானது. அதில் பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும் பாடுகிறார்கள். முன்னவர் மறைந்தது 2022இல். பின்னவர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு குரல்கள் மீட்கப்பட்டன. குடும்பத்தினரின் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக ரகுமான் அறிவித்தார். இந்தப் பாடலை 1994இன் கேட்பவனிடம் கொண்டுபோய்ப் போடுங்கள். காது அதிராது. அவனுக்கு நன்றாகத் தெரிந்த சாகுல் ஹமீதின் குரல்தானே. பிறகு உண்மையைச் சொல்லுங்கள். அவன் எழுந்து நின்றுவிடுவான். அந்த அதிர்ச்சியை ஃபிஷரின் சோதனையால் பிடிக்க முடியாது. அது காதில் நிகழ்வதில்லை. எனக்கு இந்தப் பாடல் பிடித்ததா என்றால், இல்லை. 'ராசாத்தி'யில் அந்தக் குரலுக்குள் இருந்த மூச்சு இதில் இல்லை. ஆனால் எந்தக் கலை முடிந்துவிட்டது என்கிறார்களோ அந்தக் கலைதான், இறந்தவரின் குரல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத் தமிழ்ச் சமூகத்தின் முன் வைத்திருக்கிறது. முடிந்துபோன கலை இப்படிக் கேட்காது.

சாகுல் ஹமீதின் குடும்பத்தைக் கேட்டார்கள். பறையும் உறுமியும் தவிலும் துண்டு ஒலிகளாகக் கட்டுக்கட்டாக இன்று விலைக்குக் கிடைக்கின்றனவே, அவற்றை அடித்த கைகளின் பெயர் பெரும்பாலும் எங்கும் இருப்பதில்லை. என் மாணவனின் மாமா பதிவு முடிந்த அன்று அவனிடம் கேட்டாராம்: "என் கொட்டு முழுக்க அதுக்குள்ள போயிட்டா, நாளைக்கு என்னைய யாருடா கூப்புடுவா?" அவன் என்னிடம் வந்து அதைச் சொன்னான். உச்சம் 1994இலா 2000இலா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் யாராவது அவருக்கு ஒரு பதில் எழுதினால் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.